ஊனோவில் ஜிபிஎஸ்: வயரைக் கழற்றுவதா, பின்னை மாற்றுவதா?

அர்டுயினோ ஊனோ R3 என்ற சிறு கன்ட்ரோலர் போர்டில் சீரியல் தகவல் போய்வரும் 0, 1 பின்களை, கம்ப்யூட்டரோடு பேசும் யூஎஸ்பி சிப்பும் பயன்படுத்துகிறது. சிப்பிலிருந்து வரும் பாதையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால், 0-இல் ஜிபிஎஸ் மாட்யூலின் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்) வயரைச் செருகினால் மாட்யூலின் சிக்னல்தான் ஜெயிக்கும். கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராம் அப்லோடு ஆகாது.

அப்லோடு செய்யும்போது மட்டும் வயரைக் கழற்றலாம். செலவில்லை, ஹார்டுவேர் சீரியலின் (போர்டிலேயே உள்ள சீரியல் போர்ட்டின்) வேகமும் கிடைக்கும். ஆனால் வயரை மாட்டியதும் சீரியல் மானிட்டரில் (போர்டோடு பேச கம்ப்யூட்டரில் திறக்கும் விண்டோ) டைப் செய்வது போர்டுக்குச் சரியாகப் போய்ச் சேராது. கழற்றிக் கழற்றி மாட்டினால் ஜம்பர் வயரின் முனையும் தளர்ந்துவிடும்.

மற்ற பின்களையும் சீரியல் போர்ட்டாக்கும் சாஃப்ட்வேர்சீரியல் லைப்ரரியைக் கொண்டு 10, 11 பின்களுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 115200 பாட் வேகத்தில் எழுத்துகள் சிதையும்; 9600-இல் நன்றாக ஓடும், ஜிபிஎஸ்ஸுக்கு அது போதும். என் ஓட்டு இதற்கே. அப்புறம், இரண்டு மாட்யூல்களை ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் அர்டுயினோ மெகா போர்டு வாங்குங்கள். கூடுதலாக 3 சீரியல் போர்ட்டுகள் உண்டு.