கோழி ஈ.கோலை: வெட்டும் காவலா, நினைவுக் காவலா?

மூதூரில் கோழி வளர்க்கும் மாமி, "கிருமியை அழிக்கிற வைரஸ் இருக்காமே, அதை மருந்தாகக் குடுக்கலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் கோழிக்கு நோய் தரக்கூடிய ஈ.கோலை என்ற பாக்டீரியாவிடம் வைரஸுக்கு எதிராகக் காவல் உண்டு.

சில ஈ.கோலையில் உள்ள ஈகோஆர்ஐ நொதி, ஜிஏஏடிடிசி (GAATTC) என்ற ஆறு டிஎன்ஏ எழுத்து வரிசையைக் கண்ட இடத்தில் டிஎன்ஏவை வெட்டிவிடும். பாக்டீரியா தன் டிஎன்ஏவை மட்டும் மெதைல் என்ற சிறு வேதிக் குறி போட்டுக் காத்துக்கொள்ளும். தப்பிப் பெருகும் வைரஸின் பிள்ளைகளுக்கும் அதே குறி விழுந்துவிடும். அப்புறம் அந்தக் காவல் அவற்றிடம் செல்லாது.

ஈ.கோலையின் இன்னொரு காவலான கிரிஸ்பர் அப்படியல்ல. பழைய வைரஸின் 32 எழுத்துத் துண்டைச் சேமித்து வைத்து, மறுபடி வந்தால் அடையாளம் கண்டு அழிக்கும். அந்த நினைவு அடுத்த தலைமுறைக்கும் போகும். என்ன அழகான ஏற்பாடு! ஆனாலும் ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கே-12 என்ற ஈ.கோலை வகையில் எச்-என்எஸ் என்ற புரதம் அதை அடக்கியே வைத்திருக்கிறது. அதனால் மருந்துக்கு வைரஸ் தேடுவோர் வெட்டு நொதியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்பேன்.