ஜூலை மழைக்கு மே மாத நோட்டீஸ்: ஒரு ஊட்டி வேன் பேக்கேஜ்

சென்னை தண்டையார்பேட்டையிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி திங்கள் விடிகாலை கொண்டுவந்து விடும் ஊட்டி வேன் பேக்கேஜில் ஜூலையில் குடும்பத்தோடு போய் வந்தோம். டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் என்று நம்ம ஏரியாவில் வண்டி விடுகிற பலரும் ஏறக்குறைய இதே நோட்டீஸைத்தான் அடிக்கிறார்கள்: தொட்டபெட்டா, ரோஜாப் பூங்கா, பைக்காரா போட்டிங், பொட்டானிக்கல் கார்டன். மே மாத சீசனுக்குப் போட்ட பட்டியல் அது. ஒரு வரிகூட மாற்றாமல் மழைக்காலத்துக்கும் விற்கிறார்கள் என்பதுதான் என் புகார், மற்றபடி வண்டிக்கும் டிரைவருக்கும் குறை சொன்னால் வாய் அழுகிப் போகும்.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதை முன்னாடியே எடுத்து வைத்திருந்தார்கள், செக்போஸ்ட்டில் சிலர் போனைத் தேய்த்துக்கொண்டு நிற்க நாங்கள் நேராகப் போனோம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை என்று கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லவில்லை. சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம், மாவட்டத்திலேயே பெரிய சிகரம். ஜூலையில் அங்கே போய்ப் பார்க்க எதுவுமில்லை, பத்தடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, நம்ம கொடுங்கையூர்ல குப்பை எரிஞ்சாலும் இப்படித்தான இருக்கும், இதுக்கா டிக்கெட்டு?" என்றார். பைக்காராவில் காற்றும் மழையும் பலமாக இருந்ததால் அன்றைக்குப் படகு விடவில்லை. அருவி மட்டும் நுரை தள்ளிக்கொண்டு கொட்டியது, அது மே மாதம் போகிறவர்களுக்குக் கிடைக்காத காட்சி, ஆனால் நோட்டீஸில் அருவிக்குப் பதினைந்து நிமிஷம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்!

நமக்கெல்லாம் மழை என்றால் ஒரே கொட்டாகக் கொட்டும், கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும், அப்புறம் வெயில் வந்து எல்லாம் காய்ந்துவிடும். அங்கே தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஒன்று காலையில் ஆரம்பித்து இருட்டும் வரை விடாமல், காற்றோடு பக்கவாட்டில் வருகிறது, குடை தலையை மட்டும்தான் காப்பாற்றும். துணி காயவே காயாது. லாட்ஜில் போர்வையே சில்லென்று ஈரமாக இருந்தது, வெந்நீர் காலையில் மட்டும், ஹீட்டருக்குத் தனி வாடகை. டிரைவர் தம்பிதான் பிள்ளைகளின் சாக்ஸை வாங்கி, தன் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடிமேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் திருப்பிப் போட்டுக் காயவைத்துக் கொடுத்தார். வண்டி முழுக்க நாற்றம்தான், ஆனால் கால் காய்ந்தது.

பேக்கேஜில் உருப்படியான விஷயம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயில். செங்குத்தான ஏற்றத்தில் ரயில் பல்லைப் பிடித்து ஏறுகிற பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறு–குன்னூர் நடுவில்தான், இந்தப் பகுதியில் அது கிடையாது. ஆனாலும் கேத்தி தாண்டும்போது மேகம் ஒரு நிமிஷம் விலகி, கீழே பள்ளத்தாக்கும் காய்கறித் தோட்டங்களும் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்து மறுபடி மூடிக்கொண்டது. பெட்டியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். இரண்டாவது, ஊட்டி வர்க்கி என்கிற மொறுமொறு பேக்கரிப் பலகாரம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பாக்கெட்டில் கட்டி வைத்தது மழைக்காலத்தில் நமத்துப்போய்விடும், பேக்கரியில் அடுப்பிலிருந்து இறக்கியதைக் கேட்டு வாங்கி அங்கேயே டீயில் தோய்த்துச் சாப்பிடுங்கள், அடுக்கு அடுக்காக உதிரும்.

எடுக்கலாமா என்றால், ஜூலை, ஆகஸ்டில் எடுங்கள், ஆனால் புக் செய்யும்போதே ரூமை ஊட்டியில் வேண்டாம், குன்னூர் அல்லது கோத்தகிரியில் போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கம் இருக்கும் கூடலூர், அவலாஞ்சியைத்தான் போட்டு அடிக்கும் (2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது), கிழக்கே வர வர மழை குறையும். தொட்டபெட்டாவை எடுத்துவிட்டு அந்த நேரத்தை ஒரு டீ பேக்டரிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், உள்ளே கதகதப்பாகவாவது இருக்கும். எங்கள் டிரைவரே, "முன்னாடியே சொன்னா மாத்திக் கொடுத்துருவாங்கண்ணே, யாரும் கேக்கறதில்ல" என்றார். ரெட் அலர்ட் விட்டால் சுற்றுலா இடங்களை மூடிவிடுவார்கள், அப்போது பணம் திரும்ப வருமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு வாயால்தான் சொன்னார்கள். நவம்பர் பேக்கேஜ் மட்டும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை குன்னூர் பக்கத்தைத்தான் பிடிக்கும், தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயிலை நிறுத்துவது அங்கே அடிக்கடி நடக்கிற கதை.