ஹாட் ராடுக்கு எந்த ஆட்டோமேட்டிக்? டர்போ 350, 700ஆர்4, 200-4ஆர், டர்போ 400 ஒப்பீடு

ஹாட் ராடு (பழைய காரில் வலுவான எஞ்சின் போட்டு மாற்றிய வண்டி) கட்டுகிறவர்கள் ஸ்மால் பிளாக் ஷெவி (ஷெவர்லே வி8) எஞ்சினை 1932 ஃபோர்டு சேஸிஸில் உட்கார வைத்த கையோடு, ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கடைசி கியர்) இருந்தால்தான் நெடுஞ்சாலையில் ஓட்ட முடியும் என்று ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கான 700ஆர்4 தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். பின் ஆக்ஸிலில் கிரவுன் பினியன் விகிதம் (ஆக்ஸில் விகிதம்) என்ன, டயர் எத்தனை அங்குலம் என்ற கேள்வியெல்லாம் கியர்பாக்ஸ் வாங்கிய பிறகுதான் வருகிறது. முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

கணக்கு சின்னதுதான். வேகத்தை (மணிக்கு மைலில்) ஆக்ஸில் விகிதத்தால் பெருக்கி, அதை 336-ஆல் பெருக்கி, டயர் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் 1.00 கியரில் எஞ்சின் சுற்று கிடைக்கும். 28 அங்குல டயர், 3.73 ஆக்ஸில், 65 மைல் வேகம் என்றால் சுமார் 2,900 ஆர்பிஎம். திறந்த காரில் மணிக்கணக்கில் கேட்க முடியாத இரைச்சல் அது. 700ஆர்4-இன் 0.70 ஓவர்டிரைவ் போட்டால் 2,040-க்கு இறங்கும். அதே காரில் 3.08 ஆக்ஸில் இருந்தால் ஓவர்டிரைவே இல்லாமல் 2,400 ஆர்பிஎம்தான். அதன் மேல் ஓவர்டிரைவையும் சேர்த்தால் 1,680-க்குப் போய்விடும். கொஞ்சம் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின் அந்தச் சுற்றில் திணறும், லேசான மேட்டுக்கே கியர் இறங்கும். ஆக்ஸில் 3.08 அருகில் இருந்தால் மூன்று கியர் போதும். 3.55-க்கு மேல் இருந்தால் மட்டும் ஓவர்டிரைவுக்குக் காசு செலவழியுங்கள்.

இந்தக் கணக்கில் சாதாரணத் தெரு ராடுகள் பலவும் டர்போ 350-இல்தான் வந்து நிற்கும். 2.52, 1.52, 1.00 என மூன்று கியர். நீளம் குறைவு, எடை குறைவு, எஞ்சின் சக்தியை டர்போ 400 அளவுக்குத் தின்பதில்லை. ஹாட் ராடு எடை குறைந்த வண்டி என்பதால் 3.08 ஆக்ஸிலோடும் கிளம்புவதில் குறை தெரியாது. கம்ப்யூட்டர் கிடையாது. வேக்கம் மாடுலேட்டருக்கு (எஞ்சினின் உறிஞ்சு விசையைப் பார்த்துக் கியர் மாற்றத்தைச் சரிசெய்யும் உறுப்பு) ஒரு ஹோஸ், கிக்டவுனுக்கு (பெடலை முழுக்க அமுக்கினால் கியர் இறங்குவது) ஒரு கேபிள், அவ்வளவுதான் இணைப்பு. ஹோஸை இன்டேக் மேனிஃபோல்டில் நேரடியாக எடுக்க வேண்டும். கார்புரேட்டரின் போர்ட்டட் வேக்கத்தில் (த்ராட்டில் திறந்தால்தான் உறிஞ்சும் துளை) மாட்டினால் கியர் மாறுவது தாறுமாறாகிவிடும். பெரிய கேம் போட்டு வேக்கம் குறைந்த எஞ்சினில் கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் விழும். திருகு வைத்துச் சரிசெய்யும் மாடுலேட்டர் போட்டால் ஓரளவு அடங்கும். புகைபோக்கியில் வெள்ளைப் புகை, கியர்பாக்ஸ் ஆயில் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றால் மாடுலேட்டர் ஹோஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். சிவப்பு ஆயில் நனைந்திருந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. ஒரே போல்ட் கழற்றினால் மாடுலேட்டர் கையோடு வந்துவிடும்.

700ஆர்4-இன் கவர்ச்சி 3.06 முதல் கியர். 3.08 ஆக்ஸிலோடு பெருக்கினால் 9.42 வருகிறது. டர்போ 350-ஐ 3.73 ஆக்ஸிலோடு போட்டாலும் கிட்டத்தட்ட அதே 9.40தான். ஆக, நெடிய (எண் குறைந்த) ஆக்ஸிலை வைத்துக்கொண்டே நல்ல பிக்கப் கிடைக்கிறது. அதே பெட்டியை 3.73-உடன் போட்டால் 11.4 ஆகிவிடும், எடை குறைந்த ராடில் டயர் சும்மா சுழல்வதற்குத்தான் அது உதவும். இரண்டாம் கியர் 1.63 என்பதால் இடைவெளியும் பெரிது. 5,500-இல் மாற்றினால் எஞ்சின் 2,930-க்கு விழுகிறது, டர்போ 350-இல் 3,320-க்குத்தான். 3,000-க்கு மேல்தான் உயிர் வரும் கேம் உங்களுடையது என்றால் இந்தப் பள்ளம் ஒவ்வொரு முறையும் தெரியும்.

700ஆர்4-ஐச் சாகடிப்பது பெரும்பாலும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள். டர்போ 350-இன் கிக்டவுன் கேபிளைப் போலத்தான் வெளியே தெரியும், வேலை முற்றிலும் வேறு. 350-இல் கேபிள் இல்லாவிட்டால் கிக்டவுன் மட்டும் போகும், வண்டி ஓடும். 700ஆர்4-இல் ஆயில் அழுத்தமே இந்தக் கேபிள் இழுப்பதைப் பொறுத்தது. தளர்வாக இருந்தால் கியர்கள் சீக்கிரமாக, வெண்ணெய் போல மாறும். ஓட்டுகிறவருக்கு அது பிடித்தும்விடும். உள்ளே மூன்றாம், நான்காம் கியருக்கான (3-4) கிளட்ச் பிளேட்டுகள் நழுவிக் கருகிக்கொண்டிருக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு ‘சும்மா ஒரு ரவுண்டு’ போவதும் இதில் கூடாது.

ஜிஎம் அல்லாத கார்புரேட்டரில் கேபிளை மாட்டும் முள், த்ராட்டில் ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து சுமார் 1⅛ அங்குலத் தூரத்தில் இருக்க வேண்டும். ஹோலி, எடல்பிராக் கார்புரேட்டர்களுக்கு இதற்கென்றே திருத்தத் தகடும் பிராக்கெட்டும் விற்கிறார்கள்; இவற்றை வாங்காமல் இருக்கும் ஓட்டையில் மாட்டிவிடாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆக்சிலேட்டர் பெடலை முழுக்க அமுக்கினால் த்ராட்டில் உண்மையிலேயே முழுதாகத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு கேபிளில் உள்ள பொத்தானை அமுக்கி, ஸ்லைடரைக் கார்புரேட்டருக்கு எதிர்ப்பக்கம் கடைசிவரை தள்ளி, பொத்தானை விடுங்கள். இப்போது த்ராட்டிலைக் கையால் முழுக்கத் திறந்தால் கிளிக் கிளிக் என்று தானே அளவுக்கு வந்து நிற்கும்.

பழைய 700ஆர்4 வாங்குவதானால் 1987-க்குப் பிந்தையதைத் தேடுங்கள். ஆரம்ப கால 27 பல் இன்புட் ஷாஃப்ட் பெட்டிகளைச் சீண்டவே வேண்டாம். லாக்கப் (கன்வர்ட்டரை நழுவாமல் பூட்டுவது) வயரிங்கையும் தவிர்க்க முடியாது. லாக்கப் இல்லாமல் ஓவர்டிரைவில் ஓட்டினால், எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வர்ட்டர் நழுவிக்கொண்டே ஆயிலைச் சூடாக்கும். நான்காம் கியர் பிரஷர் ஸ்விட்ச், வேக்கம் ஸ்விட்ச், பிரேக் ஸ்விட்ச் மூன்றும் உள்ள கிட் கார்புரேட்டர் வண்டிக்குப் போதும்.

ஓவர்டிரைவ் அவசியம்தான் என்று கணக்கு சொன்னால் எங்கள் ஓட்டு 200-4ஆர் பக்கம். 2.74, 1.57, 1.00, 0.67, கியர் இடைவெளி சீரானது. மொத்த நீளம் 27 11/16 அங்குலம், குட்டை வால் டர்போ 350-இன் அதே அளவு. ஸ்லிப் யோக்கும் (புரொபெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனை) அதே 27 பல். ஆக, டர்போ 350 இருந்த வண்டியில் புரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டாமல் மாற்றலாம். கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பரை மட்டும் பின்னால் தள்ள வேண்டும். 700ஆர்4 சுமார் 3 அங்குலம் நீளம் என்பதால் ஷாஃப்ட்டை வெட்டியே ஆக வேண்டும். 200-4ஆரின் பெல் ஹவுசிங்கில் (எஞ்சினோடு சேரும் முன்பக்கக் கூடு) ஷெவி, ப்யூயிக்-ஓல்ட்ஸ்-பான்டியாக் இரண்டு வகை ஓட்டைகளும் உண்டு. குறை, அசல் பம்ப் வளையம் மென்மையானது. நல்ல எஞ்சினுக்குப் பின்னால் போடுமுன் கடினப்படுத்திய வளையத்தோடு பிரித்துக் கட்டிவிடுங்கள். டிவி கேபிள் எச்சரிக்கை இதற்கும் அப்படியே பொருந்தும்.

டர்போ 400 முரட்டு பலம். பிக் பிளாக், சூப்பர்சார்ஜர் என்றால் யோசிக்காமல் இதுதான். கனம் அதிகம், 32 பல் யோக் தனியாக வேண்டும், கிக்டவுனுக்கு 12 வோல்ட் ஸ்விட்ச் வேண்டும். 250 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இதைப் போடுவது வீண். மின்னணு முறையில் கியர் மாறும் 4எல்60இ, 4எல்80இ இரண்டுக்கும் தனி கன்ட்ரோலரும் த்ராட்டில் சென்சாரும் தேவை. எல்எஸ் (ஜிஎம்மின் பிற்கால வி8) எஞ்சின் போடுகிறவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகட்டும்.

சேஸிஸை வெல்டு செய்யுமுன் அளக்க வேண்டியது மவுன்ட் இடம். பெல் ஹவுசிங் முகத்திலிருந்து டர்போ 350-க்குச் சுமார் 20⅜ அங்குலம், 700ஆர்4-க்கு 22½, 200-4ஆருக்கு 27. கழற்றி மாட்டும் கிராஸ்மெம்பராகவே செய்யுங்கள். தாழ்ந்த ராடில் ஆழமான ஆயில் பேன் (கியர்பாக்ஸின் அடித்தட்டு) ஆசை வேண்டாம். தரையில் முதலில் இடிக்கும் பொருளாகப் பேன் இருக்கக் கூடாது.

கன்வர்ட்டர் ஸ்டால் (வண்டி நிற்கும்போது எஞ்சினைக் கன்வர்ட்டர் விடும் அதிகபட்ச சுற்று), கேமுக்குச் சக்தி தொடங்கும் சுற்றைவிட 500 ஆர்பிஎம் அளவுக்கு மேலே இருந்தால் போதும். மாட்டும்போது ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) ஆயிலை உள்ளே ஊற்றி, சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். மூன்று முறை ‘டொக்’கென்று இறங்க வேண்டும்: இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், கடைசியாகப் பம்ப். பெல் ஹவுசிங் எஞ்சினோடு முழுக்கச் சேர்ந்த பிறகும் கன்வர்ட்டர் கையால் சுழல வேண்டும், ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சினின் பின்புறச் சுழல் தட்டு) அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டால் இறுக்கி இழுத்தால், முதல் ஸ்டார்ட்டிலேயே பம்ப் உடையும்.

கூலரை ரேடியேட்டர் தொட்டியில் உள்ளதோடு நிறுத்தாதீர்கள். அதற்கு அடுத்து, காற்று படும் இடத்தில் ஒரு பிளேட் வகைக் கூலர் சேருங்கள். ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். காலியான டர்போ 350 கன்வர்ட்டரோடு சேர்த்துச் சுமார் 10 குவார்ட் குடிக்கும். நான்கு குவார்ட் ஊற்றி ஸ்டார்ட் செய்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே மீதியை ஊற்றுங்கள். அளவு பார்ப்பது சூடான பிறகு, ஐட்லிங்கில், பார்க்கில். மோபார் (கிரைஸ்லர்) 727 கியர்பாக்ஸ் போட்டவர்கள் மட்டும் நியூட்ரலில் பார்க்க வேண்டும். பார்க்கில் அதன் கன்வர்ட்டருக்கு ஆயில் போவதில்லை.