காலிபரின் ஐகான் விதிகள்: தண்டையார்பேட்டை வாசகசாலையிலிருந்து ஒரு மதிப்பீடு

தண்டையார்பேட்டையில் தன்னார்வலர்களாக நாங்கள் நடத்தும் வாசகசாலையின் மின்னூல்கள் அனைத்தையும் காலிபர் மென்பொருளில்தான் அடுக்கி வைத்திருக்கிறோம். கோவித் கோயல் 2006இல் எழுதத் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் பல வசதிகளில், நூற்பட்டியலில் நாம் வகுக்கும் விதிப்படி ஐகான்களை, அதாவது சிறு படங்களை, தோன்றச் செய்யும் வசதியே எங்களுக்கு மிகுதியாகப் பயன்படுகிறது. காசிமேட்டிலிருந்தும் புதுவண்ணாரப்பேட்டையிலிருந்தும் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் கைபேசியில் படிப்பவர்கள் என்பதால், ஒரு நூல் இருக்கிறதா என்பதோடு அது சிறிய திரையில் படிக்க வருமா என்பதையும் உடனே சொல்ல வேண்டியிருக்கிறது.

காலிபரின் விருப்பத்தேர்வுகளில், தோற்றம் குறித்த பகுதியில் இந்த விதிகளை எழுதலாம். பக்க அமைப்பு மாறாத பிடிஎஃப் வடிவம் உண்டு, திரைக்கேற்ப எழுத்து மாறி அமையும் ஈபப் வடிவம் இல்லை என்ற இரு நிபந்தனைகளை ஒரே விதியில் சேர்த்து, அதற்கு ஒரு சிவப்புத் தாள் படத்தைக் கொடுத்திருக்கிறோம். பின்னர் அந்த நூலுக்கு ஈபப் கோப்பைச் சேர்த்ததும், யாரும் கைவைக்காமலேயே அந்தப் படம் மறைந்துவிடுகிறது. அதுபோலவே, சேர்த்து முப்பது நாள் ஆகாத நூல்களுக்குப் புதுவரவுச் சின்னம் தோன்றி, நாள் கடந்ததும் தானே நீங்குகிறது. நூல்களை நாமே தேர்ந்து குறியிடும் வசதியும் காலிபரில் தனியே உண்டு. ஆனால் மென்பொருளை மூடினால் அந்தக் குறிகள் போய்விடும், ஆகவே நிலையான நூலகப் பணிக்கு அது உதவாது. ஒரே நூலுக்குப் பல ஐகான்கள் அடுத்தடுத்து வர வேண்டுமானால், விதியை எழுதும்போதே ஐகான்களை இணைத்துக் காட்டும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையெனில் பொருந்தும் முதல் விதியின் படம் மட்டுமே தெரியும்.

தமிழ் நூல்களுக்கு இந்த வசதி எவ்வளவு தேவை என்பது, அவை வந்து சேரும் இடங்களைப் பார்த்தாலே விளங்கும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் நூல்கள் ஈபப் வடிவில் கிடைப்பதால் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள அரிய பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கங்களை ஒளிவருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் கோப்புகள். அவற்றுக்குக் கணினித் திரையே ஏற்றது. தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி இலவசமாக வழங்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக் காலக் கோப்புகள் சிலவற்றில் எழுத்துகள், யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட டிஸ்கி குறியேற்றத்தில் இருப்பதால், யூனிகோடு எழுத்துரு மட்டும் உள்ள கருவியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். ஒளிவருடல், டிஸ்கி ஆகிய இந்த இரண்டையும் காலிபர் தானாக அறியாது. நூலைத் திறந்து பார்த்தவர் ஒருவர் அதற்கான குறிச்சொல்லை (டேக்) இட்ட பிறகே விதி வேலை செய்யும். இந்த உழைப்பைத் தவிர்க்க வழியில்லை, தவிர்க்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குறிச்சொற்களில் எழுத்தொழுங்கும் முக்கியம். ஒருவர் ‘போட்டித் தேர்வு’ என்று இடைவெளி விட்டும், மற்றவர் ‘போட்டித்தேர்வு’ என்று சேர்த்தும் எழுதினால் காலிபருக்கு அவை இரு வேறு குறிச்சொற்கள். ஒன்றுக்கு எழுதிய விதி மற்றதைத் தொடாது. குறிச்சொற்களை நிர்வகிக்கும் பக்கத்தில் ஒன்றன் பெயரை மற்றதற்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதை மாதம் ஒருமுறையாவது செய்வது நல்லது.

குழந்தைகள் பட்டியலைவிட அட்டைப்படங்களையே விரும்பிப் பார்ப்பார்கள். அட்டைப்படக் காட்சியிலும் சின்னங்களைக் காட்ட முடியும் என்றாலும், அவற்றுக்கான விதிகளைத் தனியாக எழுத வேண்டியிருப்பது இரட்டிப்பு வேலை. ஐகான்கள் காலிபரின் திரைக்கு மட்டுமே உரியவை. கைபேசிக்கு அனுப்பிய கோப்பில் அவை இரா. நூலகத்தை வேறு கணினிக்கு மாற்றும்போது விதிகள் நூலகத்துடனேயே செல்லும், ஆனால் நாம் சேர்த்த படங்கள் காலிபரின் அமைப்புக் கோப்புறையில் தங்கிவிடும் என்பதால் அவற்றையும் தனியே நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.