கட்சிக்காரரிடம் பேச எது நல்லது: வாட்ஸ்அப்பா, சிக்னலா, மின்னஞ்சலா, நேரிலா?

ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் எதிர்த்தரப்பு போட்ட பதிலுரையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவரின் எந்த வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்டு அடுத்த மனு போடப் போகிறோம் என்று என் கட்சிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதற்கான பதில் அங்கே தயாராக எழுதப்பட்டிருந்தது. அவரைச் சேம்பருக்கு வரச் சொல்லி, போனை வாங்கிப் பார்த்தேன். இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலில் ஒரு லேப்டாப் இருந்தது. "அது வீட்டு லேப்டாப் மேடம். ரொம்ப நாள் முன்னாடி போட்டோ எடுக்கறதுக்காக அவர்தான் கனெக்ட் பண்ணினார்" என்றார். தாய் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதமும் எங்கள் பேச்சு முழுக்க அங்கே போய்க்கொண்டிருந்தது.

வாட்ஸ்அப்பின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. 2016 ஏப்ரல் முதல் அதில் போகும் செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும், அந்த நிறுவனமே கூட, வழியில் படிக்க முடியாது. ஆனால் கணக்கோடு இணைத்த லேப்டாப்பும் பெறுபவர் கணக்கில்தான் சேரும். நான்கு சாதனங்கள் வரை இப்படி இணைக்கலாம். போனை அணைத்து வைத்தாலும் அவற்றுக்குச் செய்தி வந்துகொண்டிருக்கும். அன்றிலிருந்து எந்த ஆப் பாதுகாப்பானது என்று யாராவது கேட்டால், உங்கள் போன் வீட்டில் யார் யார் கைக்குப் போகும் என்று முதலில் கேட்கிறேன்.

சட்டம் இந்த நான்கு வழிக்குள் பாகுபாடு வைக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு, பழைய 1872 சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இருந்த இடத்துக்கு வந்தது. தொழில்முறையில் கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது. வழக்கு முடிந்த பிறகும் கூடாது. குமாஸ்தாவும் மொழிபெயர்ப்பாளரும் கூட இதற்குக் கட்டுப்பட்டவர்கள். சட்டவிரோத காரியத்துக்காகப் பேசிய பேச்சுக்கு மட்டும் இந்தக் காப்பு கிடையாது. வக்கீல் வழக்கை எடுத்த பிறகு நடக்கும் குற்றமோ மோசடியோ அவர் கண்ணில் பட்டால் அதற்கும் கிடையாது. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதை டிஜிட்டல் சாதனங்களுக்கும் விரித்துச் சொன்னது. புலனாய்வு அதிகாரி வக்கீலின் போனையோ கம்ப்யூட்டரையோ கேட்டால், அதை நீதிமன்றத்தின் முன்தான் ஒப்படைக்க வேண்டும்; ஆட்சேபத்தைக் கேட்ட பிறகே, வக்கீலும் கட்சிக்காரரும் இருக்கும்போதுதான் திறக்க வேண்டும்; மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் கெடக் கூடாது. போலீசிடமிருந்து காக்க இது பெரிய அரண். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருவர் எட்டிப் பார்த்ததற்கு இதில் மருந்து இல்லை.

சரி, வாட்ஸ்அப். அதை ஒதுக்கிவிட்டு மாவட்டக் கோர்ட்டில் தொழில் செய்ய முடியாது. நில வழக்குக்காரர் தாய்ப்பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்புவார். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற பாட்டி, தன் தரப்பை நான்கு நிமிடக் குரல் பதிவாகச் சொல்லிவிடுவார். மனுவில் வேண்டிய நுணுக்கமெல்லாம் அதில் இருக்கும். இந்த வசதிக்கு இணை வேறெதிலும் இல்லை. ஓட்டைகள் எல்லாம் ஓரங்களில்தான். நான் அனுப்பும் வரைவு மனு ஆண்ட்ராய்டு போனில் படமாகப் போனால், தானாகவே கேலரியில் போய் உட்கார்ந்துவிடும்; குழந்தை விளையாடும்போது கண்ணில் படும், மாமியார் கண்ணிலும் படும். உரையாடலின் காப்புப் பிரதி கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிறது. அதையும் மறையாக்கம் செய்யும், அதாவது சாவி உள்ளவர் மட்டும் படிக்கும்படி பூட்டிவைக்கும் வசதி 2021 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆனால் அதை நாமாகப் போய்த்தான் இயக்க வேண்டும். என் மேசைக்கு வந்த போன்களில் அதை இயக்கி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். மறையாக்கம் இல்லாத பிரதி இருக்கும் மின்னஞ்சல் கணக்கைக் கணவரோ அண்ணனோ திறந்து கொடுத்திருந்தால், சாவி அவர் கையில் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று, ஃபார்வர்டு. வழக்கில் எங்கே பலம், எங்கே பலவீனம் என்று நான் எழுதியதைக் கட்சிக்காரர் நல்ல எண்ணத்தில் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவார். 132ஆம் பிரிவு என் வாயைத்தான் கட்டுகிறது. சித்தப்பாவின் வாயைக் கட்டாது. பலவீனத்தை எழுத்தில் அனுப்புவதையே நான் நிறுத்திவிட்டேன். அதற்கு போன் பேச்சு அல்லது நேர்ச் சந்திப்பு மட்டும்தான்.

சிக்னலை எடுத்துக்கொண்டால், தொழில்நுட்பத்தில் இதுதான் ஒரு படி மேலே. வாட்ஸ்அப் பயன்படுத்தும் மறையாக்க முறையே சிக்னலிடமிருந்து வந்ததுதான். கூடுதலாக, யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரத்தையும் அது சேர்த்து வைப்பதில்லை. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு விசாரணைக்காக விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் இவை இரண்டைத் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. வந்த படங்கள் தானாகக் கேலரிக்குப் போவதும் கிடையாது. ஊழல் பற்றிப் புகார் சொல்ல வரும் அரசு ஊழியர், முன்ஜாமீனுக்கு வருபவர், இவர்களுக்கு நான் தயங்காமல் சிக்னல் என்பேன். குடும்ப வழக்கில் அப்படிச் சொல்ல முடியாது. போனைத் தினமும் வாங்கிச் சோதிக்கிற வீட்டில், திடீரென்று முளைத்த ஒரு புது ஆப் ஆயிரம் கேள்வியைக் கிளப்பும். அந்தப் பெண்ணுக்கு அது பாதுகாப்பா ஆபத்தா என்று யோசிக்காமல் பரிந்துரைப்பது தப்பு.

தானாக மறையும் செய்தி வசதி இரண்டு ஆப்பிலும் உண்டு. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான உரையாடலுக்கு அது நல்லது. ஆபத்து எங்கே என்றால், கட்சிக்காரர் உற்சாகத்தில் எல்லா உரையாடலுக்கும் அதைப் போட்டுவிடுவார். எதிர்த்தரப்பு அனுப்பிய மிரட்டல், பணம் வாங்கியதை ஒப்புக்கொண்ட செய்தி எல்லாம் சேர்ந்து மறைந்துபோகும். அவைதான் நம் சான்று ஆவணம். அதே சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பையும், அதாவது அந்தப் பதிவின் கைரேகை போன்ற எண்ணையும் குறிப்பிட வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். மூலச் செய்தியே போய்விட்டால் வெறும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் திண்டாட வேண்டும். என்னோடு பேசியது மறையட்டும், அவரோடு பேசியதைத் தொடாதீர்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

மின்னஞ்சலில் ரகசியம் சுமார்தான். ஜிமெயில் போன்ற சேவைகளில் கடிதம் வழியில் மறையாக்கப்பட்டுப் போனாலும், சேவை நடத்தும் நிறுவனத்திடம் சாவி இருக்கும். 'கான்ஃபிடென்ஷியல்' என்ற வசதியும் இதை மாற்றாது. பெறுபவர் அந்தத் திரையைப் படம் எடுப்பதையும் தடுக்காது. ஆனாலும் நீண்ட வரைவு, ஐம்பது பக்க இணைப்பு, எந்தத் தேதியில் எதை அனுப்பினோம் என்ற வரிசை, இதற்கெல்லாம் மின்னஞ்சல்தான் வசதி. பிடிஎஃபுக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்பி, கடவுச்சொல்லை போனில் சொல்லிவிட்டால் எனக்குப் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேலை நீக்க வழக்குக்கு வரும் தொழிலாளி, கம்பெனி மெயிலிலிருந்து எனக்கு எழுதக் கூடாது. அந்தப் பெட்டி முதலாளியுடையது.

நேர்ச் சந்திப்பைப் பழைய முறை என்று ஜூனியர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் தேர்வு. முகத்தைப் பார்த்தால்தான், சொல்லாமல் விட்டது எது என்று தெரிகிறது. ஆனால் சேம்பர் என்றாலே ரகசியம் என்று நம்பிவிடவும் முடியாது. கோர்ட் வராண்டாவில் நின்று பேசுகிறோம், இரண்டடி தள்ளி எதிர்த்தரப்பின் உறவினர் நிற்கிறார். ஜெராக்ஸ் கடைக்குப் போன கேஸ் கட்டிலிருந்து ஒரு தாள் மெஷினிலேயே தங்கிவிடுகிறது. டைப்பிங் சென்டரின் பொதுக் கம்ப்யூட்டரில் நம் பிரமாணப் பத்திரத்தின் கோப்பு அப்படியே கிடக்கிறது, பென் டிரைவ் மட்டும் திரும்பி வருகிறது. வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு வர என் குமாஸ்தா அண்ணனுக்குப் பழக்கியிருக்கிறேன். பத்திரத்தை மொழிபெயர்க்க ஏஐ சாட்பாட்டில் ஒட்டும் ஜூனியருக்கும் இதையேதான் சொல்கிறேன்: பெயரும் சர்வே எண்ணும் இருக்கிற பக்கத்தை வெளி சர்வருக்கு அனுப்பும் முன் கட்சிக்காரரைக் கேள்.

கசிவு வக்கீலின் விரலிலிருந்தும் தொடங்கும். ஜாமீன் கிடைத்த அன்று சாயங்காலம், உத்தரவின் முதல் பக்கம் கட்சிக்காரர் பெயரோடு ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. இந்திய பார் கவுன்சில் விதிகளின் 36ஆம் விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. 2008 திருத்தத்துக்குப் பிறகு வலைத்தளத்தில் பெயர், முகவரி, பதிவு விவரம், படிப்பு, தொழில் செய்யும் துறை இவ்வளவையும் போடலாம். விதியை விட்டுவிடுவோம். கைதானதையே ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த ஸ்டேட்டஸ் என்ன செய்யும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

இப்போது வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே கட்சிக்காரரின் போனை அவர் கையாலேயே திறக்கச் சொல்கிறேன். இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்க்கிறோம், தெரியாததை நீக்குகிறோம், காப்புப் பிரதி எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்று தேடுகிறோம், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணைப் போடுகிறோம். கால் மணி நேரம் ஆகும். அந்த ஜீவனாம்ச வழக்குக்காரர் இதையெல்லாம் செய்த பிறகும் வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாய்தா தேதியை மட்டும் அவர் அக்கா எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் அனுப்புகிறேன். மற்றதைப் பேச மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து வருகிறார்.