பெரிய எண்களை ஆராயும் ஒரு செயலி: மூன்று எண்களைக் கொடுத்துப் பார்த்த மதிப்பீடு

முழு எண் ஒன்றின் பகாக் காரணிகளையும் வகுத்திகளையும் பிற பண்புகளையும் கணித்துத் தரும் செயலிகளில், முன்பு நான் வைத்திருந்த ஒன்றில் 9007199254740993 என்று உள்ளிட்டபோது, அது கடைசி இலக்கத்தைத் தானாகவே 2 ஆக்கிக்கொண்டு 'இரட்டைப்படை எண்' என்று அறிவித்தது. வழக்கமான 64 பிட் மிதவைப் புள்ளி முறையில் (எண்ணின் முன்னணி இலக்கங்களை மட்டும் ஒரு வரம்பு வரை காக்கும் முறையில்) எண்களைச் சேமிக்கும் செயலிகள், 2-இன் 53ஆம் அடுக்கைத் தாண்டியதும் அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்தறிய மாட்டா. அன்றே அதை நீக்கிவிட்டேன். இப்போது பயன்படுத்தும் செயலியோ எல்லா இலக்கங்களையும் அப்படியே காத்து, இவ்வெண் 3-ஆல் வகுபடுவதையும் காட்டியது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 78 என்பதால் அதை நாமே சரிபார்க்கலாம்.

அடுத்துக் கொடுத்தது 4294967297. 2-இன் 32ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் கிடைக்கும் இவ்வெண் பகா எண் என்றே கணித அறிஞர் பெர்மா நம்பினார். அது 641-ஆல் வகுபடும் என்று 1732இல் கணித அறிஞர் ஆய்லர் கண்டறிந்தார். ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகப் பார்க்க உதவும் பெர்மா சோதனையை 2-ஐ அடியாகக் கொண்டு செய்தால் இது பகா எண்ணைப் போலவே தேறிவிடும் என்பதால், செயலிகளைச் சோதிக்க இதைவிட நல்ல எண்ணை நான் அறியேன். செயலி ஏமாறவில்லை. 641 × 6700417 என்று பிரித்து, வகுத்திகள் நான்கு, அவற்றின் கூட்டுத்தொகை 4301668356, ஆய்லர் சார்பின் மதிப்பு (அவ்வெண்ணுக்கு உட்பட்டு, அதனோடு 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாத எண்களின் எண்ணிக்கை) 4288266240 என்று வரிசையாகத் தந்தது. கடைசி இரண்டையும் தாளில் கூட்டினேன்: 8589934596. இரு வேறு பகா எண்களின் பெருக்கற்பலனாக அமைந்த எண்ணுக்கு இது அவ்வெண்ணின் இருமடங்கைவிட 2 கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வாறே இருந்தது.

ஆனால் 'இரு வர்க்கங்களின் கூட்டல்' என்ற பகுதியில் 65536² + 1² என்பதை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிட்டது. இரு பகாக் காரணிகளையும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால், இரண்டாவது வழியும் இருந்தே தீரும்: 62264² + 20449². (இந்த 20449 என்பதே 143-இன் வர்க்கம் என்பதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி தனி.) ஓர் ஒற்றைப்படை எண்ணை இவ்வாறு இரு விதமாக எழுத முடிந்தால், அதுவே அது பகா எண் அன்று என்பதற்குச் சான்றாகிவிடும் என்று ஆய்லர் காட்டியிருக்கிறார், எனவே இந்த விடுபாட்டைச் சிறு குறை என்று என்னால் ஒதுக்க இயலவில்லை.

1903இல் கோல் என்ற கணித அறிஞர் காரணிப்படுத்திக் காட்டிய 21 இலக்க எண்ணான 147573952589676412927-ஐயும் கொடுத்தேன். 193707721 × 761838257287 என்ற விடை உடனே வந்தது.

மிகப் பெரிய எண்களுக்கு, நிறுவப்பட்டவற்றைப் 'பகா எண்' என்றும், சோதனைகளில் மட்டும் தேறியவற்றைப் 'பகா எண்ணாக இருக்கக்கூடும்' என்றும் பிரித்துச் சொல்லும் இதன் நேர்மைக்காகவே, எண் கோட்பாடு பயில்வோருக்கு இச்செயலியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வர்க்கக் கூட்டல் பகுதியை மட்டும், திருத்தம் வரும்வரை கையால் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.