ஃபுட்டரில் யார் பெயர்? இணையத்தளம் செய்தவர் போடும் லிங்க் பற்றி

கோவில் ட்யூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். "உபயம்: இன்னார் குடும்பத்தார்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எழுதி, வெளிச்சம் வர இடமே இல்லாமல் செய்திருப்பார்கள். அதிலாவது ஒரு நியாயம் உண்டு, லைட்டுக்குக் காசு கொடுத்தவர் அந்த இன்னார்தான். கடைகளின் இணையத்தளத்தில் அடியில், ஃபுட்டரில், "வடிவமைப்பு: இன்ன நிறுவனம்" என்று ஒரு லிங்க் தொங்குகிறதே, அங்கே கதை தலைகீழ். காசு கொடுத்தவர் கடைக்காரர், பெயர் என்னைப் போன்ற டெவலப்பருடையது.

நான் சிங்கப்பூரில் தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் சின்னக் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறவன். கேட்டரிங், நகைக்கடை, துணைப்பாட நிலையம், ஒரு நாட்டியப் பள்ளி, இப்படி. இந்த ஃபுட்டர் லிங்க்கை எல்லா விதமாகவும் ஏதோ ஒரு காலத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். கடைக்காரருக்கு எது நல்லது, செய்தவருக்கு எது நல்லது என்று இரண்டு பக்கமும் தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

முதல் வகை, ஆரம்பத்தில் எல்லாரும் செய்வது. தளத்தின் எல்லாப் பக்கத்திலும் லிங்க், அதுவும் நிறுவனப் பெயரைப் போடாமல் "மலிவு விலை வெப் டிசைன் சிங்கப்பூர்" மாதிரி தேடுசொல்லையே லிங்க் எழுத்தாக வைப்பது. ஒரு கடையில் 400 பொருள்கள் இருந்தால் 400 பக்கம், 400 லிங்க், ஒவ்வொன்றையும் கூகுள் ஒரு சிபாரிசாக எண்ணும், என் தளம் தேடலில் மேலே ஏறிவிடும் என்ற கணக்கு. 2012க்கு முன்னால் இது கொஞ்சம் வேலை செய்தது என்பது உண்மைதான். அந்த வருடம் ஏப்ரல் 24ஆம் தேதி கூகுள் பென்குவின் என்ற மாற்றத்தை விட்டது, இப்படித் தேடுசொல் திணித்து லிங்க் சேர்த்த தளங்கள் பல ஒரே இரவில் காணாமல் போயின. அப்புறம் 2016 செப்டம்பரில் அதைத் தன் முக்கியக் கணிப்பு முறைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து பெரும்பாலும் தண்டனை என்று ஒன்றும் வருவதில்லை, அந்த லிங்க்குகளை மதிப்பில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். 2022 டிசம்பரில் வந்த லிங்க் ஸ்பேம் (தேடலை ஏமாற்றப் போடும் லிங்க்குகள்) அப்டேட்டும் அதே வழிதான், ஸ்பாம்பிரெய்ன் என்ற தானியங்கி முறையை வைத்துக் கண்டுபிடித்து மதிப்பைப் பூஜ்யமாக்குவது.

கூகுளின் ஸ்பேம் கொள்கைப் பக்கத்தில், பல தளங்களின் ஃபுட்டரிலும் டெம்ப்ளேட்டிலும் (தளத்தின் தயார் வார்ப்பு) பரவலாகப் போட்டு வைக்கும் லிங்க்குகள் என்று நம் தொழிலுக்கு அப்படியே பொருந்தும் ஓர் உதாரணம் இருக்கிறது. அதே பட்டியலில் இன்னொன்றும் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை: ஒப்பந்தத்தில் "லிங்க் கட்டாயம் இருக்க வேண்டும்" என்று எழுதி, தளத்தின் சொந்தக்காரர் அதை நோஃபாலோ (சிபாரிசு இல்லை என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) ஆக்கிக்கொள்ள இடம் கொடுக்காமல் விடுவதும் லிங்க் ஸ்பேம்தான். "லிங்க் வைத்துக்கொண்டால் 300 வெள்ளி தள்ளுபடி" என்று கோட்டேஷனில் போடுகிறார்களே, நானும் போட்டிருக்கிறேன், அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 300 வெள்ளிக்கு ஒரு லிங்க்கை விலைக்கு வாங்குகிறோம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

கடைக்காரருக்கு இதனால் என்ன நட்டம்? சிலர் பயமுறுத்துவது போல ஒரு லிங்க் வெளியே போனதும் தளத்தின் மதிப்பெல்லாம் ஒழுகிப்போய்விடாது. அது வீண் பயம். நட்டம் வேறு இடத்தில் வருகிறது.

ஒன்று, உங்கள் போட்டியாளர் இல்லை, என் போட்டியாளர். ஃபுட்டரில் இருக்கும் அந்த ஒரே வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் என் வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் கூகுளில் வரிசையாக வந்து நிற்கும். நகைக்கடைக்காரர் ஒருவருக்கு ஒரே வாரத்தில் மூன்று பேர் போன் செய்து "உங்க சைட் ரொம்ப மெதுவா இருக்கு, பாதி விலைக்குச் செஞ்சு தரோம்" என்றார்கள். எங்கிருந்து எண் கிடைத்தது என்று அவர் என்னைத்தான் கேட்டார். இதே வழியில் கெட்ட எண்ணம் உள்ளவனும் வரலாம். நான் எல்லாத் தளத்துக்கும் ஒரே தீமும் (தளத்தின் தோற்ற அமைப்பு) ஒரே பிளகினும் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) போட்டிருந்து, ஒன்றில் ஓட்டை இருந்தால், மற்றவற்றைத் தேட அவன் கஷ்டப்பட வேண்டியதில்லை. முகவரியை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று சிரிப்புக் கதை. பெயரோடு கைத்தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு அம்மா: "தம்பி, மூணு டின் முறுக்கு, ஒரு டின் அதிரசம் ஆர்டர் பண்ணேன், இன்னும் வரலையே?" நான் வெப்சைட் செய்தவன் என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை, உங்க நம்பர்தான் அங்க போட்டிருக்கு என்கிறார். சரிதானே. பக்கத்தின் அடியில் போய்த் தொடர்பு எண் தேடுகிறவர் கண்ணில் முதலில் பட்டது என் எண். கடை எண் அதற்கு மேலே சின்ன எழுத்தில். மறுநாள் எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வகை, நிறுவனப் பெயர் மட்டும், முகப்புப் பக்கத்தில் மட்டும், நோஃபாலோ போட்டு. நோஃபாலோ என்பது 2005இல் வந்தது, வலைப்பூக்களின் கருத்துப் பெட்டியில் குவிந்த குப்பை லிங்க்குகளைச் சமாளிக்கக் கூகுள் கொண்டுவந்த ஒரு குறிப்பு, "இந்த லிங்க்குக்கு நான் சிபாரிசு செய்யவில்லை" என்று தேடுபொறிக்குச் சொல்வது. 2019 செப்டம்பரில் அதோடு ஸ்பான்சர்ட் (காசுக்குப் போட்ட லிங்க்), யூஜிசி (தளத்துக்கு வருகிறவர்கள் எழுதிய லிங்க்) என்று இரண்டைச் சேர்த்து, இனி மூன்றையும் கட்டளையாக இல்லாமல் ஜாடையாகத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். தள்ளுபடி கொடுத்து வாங்கிய லிங்க் என்றால் ஸ்பான்சர்ட் போடுவதுதான் சரி. இந்த வகையில் கடைக்காரருக்குத் தேடல் பக்கம் எந்தத் தொந்தரவும் இல்லை, எனக்கும் தேடலில் பெரிய லாபம் இல்லை. யாராவது பார்த்து, பிடித்து, கிளிக் செய்து வந்தால் வரட்டும் என்ற அளவுதான். எத்தனை பேர் வருகிறார்கள்? என் கணக்கில் ஒரு வருடத்தில் விரல் விட்டு எண்ணலாம், அதிலும் பாதி மேலே சொன்ன முறுக்கு கேஸ்.

மூன்றாவது, லிங்க்கே இல்லாமல் வெறும் பெயர். நான்காவது, ஒன்றுமே இல்லை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தேடுபொறிக்குக் கிடையாது, மனிதர்களுக்குத்தான். பெரிய நிறுவனங்கள் பொதுவாக நான்காவதைத்தான் கேட்பார்கள், அவர்கள் ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். வேறொரு ஏஜென்சிக்காகச் செய்யும் வேலையிலும் என் பெயர் வரக்கூடாது என்பது எழுதாத விதி. சின்னக் கடைகள் கேட்பதே இல்லை, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் இல்லை. அதனால்தான் இது நம் மனச்சாட்சி வேலையாகிவிடுகிறது.

இடையில் ஒரு விஷயம், தளம் கட்டும் சேவைகள் போடும் விளம்பரத்தையும் டெவலப்பர் பெயரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விக்ஸ் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் வரும், கட்டணத் திட்டத்துக்கு மாறினால்தான் போகும், அது நேரடி வியாபாரம். ஷாப்பிஃபையில் அடியில் வரும் அவர்கள் பெயரைத் தீம் அமைப்பிலேயே போய் எடுத்துவிடலாம், தனியாகக் காசு இல்லை. வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருவது, "வேர்ட்பிரஸ்ஸால் இயங்குகிறது" என்ற வரியை எடுப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. அவர்களுடைய பிளகின் களஞ்சியத்தில் இன்னும் கறாரான விதி ஒன்று உண்டு: பயனாளி தானே சம்மதித்து டிக் செய்தால் ஒழிய, பிளகின் தன் பெயர் லிங்க்கைத் தளத்தில் காட்டக்கூடாது. என்னைக் கேட்டால் டெவலப்பர்களுக்கும் இதே விதி போதும். ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இலவச டெம்ப்ளேட்டுகள் விஷயம் வேறு, அங்கே பெயர் வைப்பதுதான் நாம் கொடுக்கும் விலை, எடுத்தால் உரிமமே மீறல். "அந்த வரிய எடுத்துடு" என்று கடைக்காரர் சொல்லும்போது அது எந்த வரி என்று பார்த்துவிட்டு எடுங்கள். படங்களுக்கும் அப்படித்தான். சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது, படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமை அதில் வந்திருக்கிறது. புகைப்படக்காரரை வைத்துச் சாப்பாட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் அதைப் பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, நான் ஏன் முதல் வகையிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கினேன் என்று சொல்ல வேண்டும். கூகுள் கொள்கையைப் படித்துத் திருந்தினேன் என்றால் அது பொய்.

சில வருடங்களுக்கு முன் என் தொழில் பெயரை மாற்றினேன். பழைய பெயரில் இருந்த டொமைனை, அதாவது இணைய முகவரியை, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று புதுப்பிக்காமல் விட்டேன். வருடத்துக்கு ஏறக்குறைய 20 வெள்ளி மிச்சம். ஏழெட்டு மாதம் கழித்து, சைவ கேட்டரிங் நடத்தும் அக்கா ஒருவர் போன் செய்தார். குரலே சரியில்லை. "தம்பி, நம்ம வெப்சைட்டுக்கு அடியில சூதாட்டம் வருதாமே, என்ன இது?" அன்னதானத்துக்கு விலை கேட்க வந்த ஒரு கோவில் கமிட்டிக்காரர் கைத்தொலைபேசியில் கீழே தள்ளும்போது விரல் பட்டு என் பெயரைத் தொட்டுவிட்டார். திறந்தது சுழலும் சக்கரமும் தங்கக் காசுமாக ஒரு சூதாட்டத் தளம். நான் விட்ட டொமைனை யாரோ வாங்கி அதைக் கட்டியிருக்கிறார்கள். ஏன் அதை வாங்கினார்கள்? இருபத்து மூன்று தளங்களிலிருந்து, ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து, நோஃபாலோ இல்லாமல் அதற்கு லிங்க் வந்துகொண்டிருந்தது. நான் வருடக்கணக்காக உழைத்துச் சேர்த்த சொத்து, அப்படியே அவன் கைக்கு.

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். அக்காவின் தளத்தில் ஐந்து நிமிட வேலை. ஆனால் எல்லாம் அப்படியில்லை. சிலவற்றில் அந்த வரியைத் தீம் கோப்புக்குள்ளேயே எழுதியிருந்தேன், நாட்டியப் பள்ளித் தளத்தில் தமிழ்ப் பக்கத்துக்கு ஒன்று, ஆங்கிலப் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு ஃபுட்டர், ஒன்றைத் திருத்திவிட்டு இன்னொன்றை மறந்து, மறுவாரம் திரும்பப் போனேன். ஆறு பேர் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் போன் போட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருவர் மட்டும் திட்டினார், மற்றவர்கள் சிரித்தார்கள், திட்டியிருந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்படியானால் செய்தவருக்குப் பெயரே வேண்டாமா? வேண்டும். என் வேலைகளில் பெரும்பாலானவை ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரரிடம் கோப்பிக் கடையில் சொல்லி வந்தவை. ஃபுட்டர் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இப்போது நான் செய்வது: "எங்களைப் பற்றி" பக்கத்தின் கடைசியில் லிங்க் இல்லாத ஒரு வரி, அதுவும் கோட்டேஷனிலேயே "விரும்பினால் மட்டும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், விலையில் மாற்றம் இல்லை" என்று எழுதி. என் சொந்தத் தளத்தில் அவர்கள் அனுமதியோடு அந்த வேலையைப் பற்றி ஒரு பக்கம், முன்பு எப்படி இருந்தது, என்ன மாற்றினேன் என்று விவரமாக. கூகுளில் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்பேன், ஆனால் அதற்குத் தள்ளுபடி கொடுப்பதில்லை, அதுவும் அவர்கள் விதிக்கு எதிரானது.

லிங்க் கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிற இளம் டெவலப்பர்களுக்கு இரண்டாவது வகை போதும், அதுவும் அந்த டொமைனைக் கடைசிவரை கட்டிவரத் தயாராக இருந்தால். கடைக்காரர்கள் ஃபுட்டரைவிட முதலில் பார்க்க வேண்டியது டொமைன் யார் பெயரில் பதிந்திருக்கிறது என்பதை. டாட் எஸ்ஜி என்ற சிங்கப்பூர் முகவரி என்றால் பதிவின்போது நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக உறுதிப்படுத்த வேண்டும், அந்த இடத்தில் உங்கள் ஆள் இருக்கட்டும், நான் வேண்டாம்.

அந்த இருபத்து மூன்றில் ஒன்று மட்டும் இன்னும் என் கையில் சிக்கவில்லை. கடையை மூடிவிட்டு முதலாளி ஊருக்குப் போய்விட்டார், எண் மாறிவிட்டது. ஹோஸ்டிங்கை (தளம் இருக்கும் சர்வர் வாடகை) ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியிருக்கிறார், நான்தான் அப்படிக் கட்டினால் மலிவு என்று சொன்னேன். தளம் ஓடிக்கொண்டிருக்கிறது, பழைய மெனு, பழைய விலை, அடியில் என் பெயர், தொட்டால் சுழலும் சக்கரம்.